வீடு திரும்புவோர் கூடம்

காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அலாரம் ஐந்தே முக்காலுக்கு. அது அடிக்குமுன் அணைத்துவிட்டு எழுகிறேன். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பல் துலக்குகிறேன். மேலே தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்துகிறேன். பால் காய்ச்சுகிறேன். அரை லிட்டர் பாக்கெட் வருகிறது. கால் லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மீதியை மாலையில் கொட்டுகிறேன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி. பின்பக்கம் எப்படியும் பேருந்தில் கசங்கிவிடும்.

கட்டிலை ஒழுங்குபடுத்த அரை நிமிடம் போதும். நான் சுவரோரமாகப் படுக்கிறேன். மறுபாதியில் விரிப்பு போட்டது போட்டபடி இருக்கிறது. மருத்துவமனைக் கணக்கில் சொன்னால், எங்கள் வீட்டுக் கட்டிலின் கொள்ளளவில் ஐம்பது சதவீதம் ஐந்து மாதமாகப் பயன்படுத்தப்படவில்லை. அங்கே கட்டில்களைக் காலியாக்கும் நகர்வு அலுவலர் பார்த்தால் மிகவும் வருத்தப்படுவார்.

இன்று கூடுதலாக ஒரு வேலை. அவருடைய பாராட்டு விழா அழைப்பிதழைப் பையில் எடுத்து வைத்தேன்.

என் மனைவி வீட்டில் இறக்கவில்லை, உங்கள் மருத்துவமனையில்தான் இறந்தாள், சான்றிதழைத் திருத்தித் தாருங்கள் என்று மூன்று கடிதம் போட்டிருந்தேன். மூன்றுக்கும் சேர்த்துப் பதிலாக வந்தது இந்த அழைப்பிதழ். காலை பத்து மணி. இடம்: வீடு திரும்புவோர் கூடம். மேடையில் அமர்வோர் பட்டியலில் கடைசியில் நான். எனக்கு 'நகர்வுத் தோழர்' என்று பட்டம் போட்டிருந்தார்கள். அடியில் பேனாவால் ஒரு வரி: "சார், கட்டாயம் வரவும். உங்கள் விஷயத்தையும் பேசிவிடலாம்."

அவளுக்கு வயிற்றின் வலது பக்கம் வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தாள். நான்காம் கவுண்டர். வலியோடு உட்கார்ந்து, வரிசையில் நின்ற கடைசி ஆள் வரை டிக்கெட் கொடுத்து, கவுண்டரை மூடிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க. நிமிர முடியல, குனிஞ்சே நடக்கறேன். பாக்கறவங்களுக்கு எதையோ தொலைச்சிட்டுத் தேடற மாதிரி இருக்கும்."

மருத்துவமனை முகப்பில் ஒரு மின்பலகை. 'காத்திருப்பு இல்லாத மருத்துவமனை. இன்றைய சராசரிக் காத்திருப்பு: 0 நிமிடம்.' பலகைக்குக் கீழே, தெருவில், சுமார் அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காவலாளி.

"அண்ணே, ரொம்ப வலியில இருக்காங்க. உள்ள விடுங்க."

"கோட்ட மிதிக்காதீங்க தம்பி. மிதிச்சா கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும்."

"எந்தக் கடிகாரம்?"

"உள்ள வந்ததுலேர்ந்து கட்டில் கெடைக்கற வரைக்கும் எவ்ளோ நேரம்னு எண்ணறாங்க. கட்டில் காலியானாத்தான் நான் ஆள விடுவேன். அதனால உள்ள யாரும் காத்திருக்கறதே இல்ல."

"அப்ப இவங்கள்லாம்?"

காவலாளி அந்த அறுபது பேரையும் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். "இவங்க இன்னும் வரவே இல்லையே தம்பி."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, சிரிக்க வைக்காதீங்க. வலிக்குது." பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "எங்க ஸ்டேஷன்லயும் ஒரு தடவ இப்படித்தான் பண்ணாங்க. கவுண்டர் ஹால்ல கூட்டமே தெரியக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு. ஹாலப் பூட்டிட்டாங்க. ஒரு வாரம் கூட்டமே இல்ல. ரயிலும் காலியாப் போச்சு. வரிசைய ஒளிச்சு வைக்கறது வேறங்க, கொறைக்கறது வேற."

தெருவில் இரண்டு மணி நாற்பது நிமிடம் நின்றோம். உள்ளே போனபின் நான்கு நிமிடத்தில் கட்டில் கிடைத்தது. என் போனுக்குச் செய்தி வந்தது. 'வாழ்த்துகள். நீங்கள் 4 நிமிடத்தில் கவனிக்கப்பட்டீர்கள்.'

குடல்வால் வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் படுக்கையில் இருக்கட்டும், கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். அவர் சொன்ன ஒரு வாரத்தை ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினார்கள்.

பெண்கள் வார்டில் இருபது கட்டில்கள். எங்களுடையது பத்தொன்பது. வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் கட்டிலுக்கு ஒரு காந்த வில்லை. பச்சை என்றால் இன்று வீட்டுக்கு. மஞ்சள் என்றால் நாளை. சிவப்பு என்றால் தேக்கம். நோயாளியின் நோய் என்ன என்று பலகையில் எழுத இடம் விட்டிருக்கவில்லை.

தினமும் காலை ஏழரைக்கு நகர்வு அலுவலர் நான்கு பேரோடு வருவார். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்கும். ஐவரும் பலகைக்கு எதிரே இருபது நிமிடம் நிற்பார்கள். முதுகுப் பக்கம் இருந்த கட்டில்களை ஒருநாளும் அவர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. நோயாளியைப் பார்த்தால் முடிவெடுப்பதில் தயக்கம் வரும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். வார்டு சிஸ்டர் சொன்னார்.

"பதினேழு ஏன் இன்னும் செவப்பு?" என்று கேட்பார் அலுவலர்.

"சார், அவங்களுக்கு இன்னும் நினைவு திரும்பல."

"நினைவு திரும்பறதுக்குக் கட்டில் எதுக்கு சிஸ்டர்? யோசிச்சுப் பாருங்க. கட்டில்ங்கறது ஒரு வாய்ப்பு. ஒருத்தரே அதப் பிடிச்சு வெச்சுக்கிட்டா அது சுயநலம். நான் அவங்களக் குத்தம் சொல்லல. அவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லல."

"சொன்னாக் கேக்கற நெலையில இல்ல சார்."

"அதத்தான் தேக்கம்ங்கறேன்."

என் மனைவி போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவருக்கு 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று பெயர் வைத்தாள். "பொறக்கும்போதே கையில பச்சைக் கொடியோட பொறந்திருப்பாரு. என்ன, வண்டியில ஆள் ஏறியாச்சான்னு மட்டும் பாக்க மாட்டாரு." இரண்டு நாளில் வார்டு முழுவதும் அவரை அப்படித்தான் அழைத்தது. சிஸ்டரும் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் வராந்தாவில் அவர் என்னை நிறுத்தினார்.

"சார் எங்க வேலை?"

"குளிர்பான ஆலை. பாட்டில் லைன்ல சூப்பர்வைசர்."

அவர் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். "நிமிஷத்துக்கு எவ்ளோ?"

"முந்நூறு பாட்டில்."

"முந்நூறு," என்றார். அவர் குரலில் பக்தி இருந்தது. "நாங்க ஒரு நாளைக்கு நாப்பது பேர நகத்த முடியாம திண்டாடறோம். உங்க லைன்ல எங்கயாவது அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

சொன்னேன். நான் படித்தது உற்பத்திப் பொறியியல். இந்த ஆறு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. மூடி போடும் எந்திரத்துக்கும் லேபிள் ஒட்டும் எந்திரத்துக்கும் நடுவில் வட்டமாக ஒரு மேசை சுற்றிக்கொண்டிருக்கும். லேபிள் எந்திரம் நின்றுபோனால் பாட்டில்கள் அந்த மேசையில் போய்ச் சேரும். பின்னால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. லைன் ஓடிக்கொண்டே இருக்கும். சேர்ப்பு மேசை என்போம். வராந்தாச் சுவரில் விரலால் படம் போட்டே காட்டினேன்.

அவர் குறித்துக்கொண்டார். "அந்த மேசையில பாட்டில் எவ்ளோ நேரம் இருக்கலாம் சார்?"

"எவ்வளவு நேரம் வேணாலும். மூடி போட்டாச்சே. கெட்டுப் போகாது."

இப்போதும் லைனில் நிற்கும்போது தினமும் இந்தப் பதில் ஞாபகம் வருகிறது.

கட்டிலுக்குத் திரும்பி அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "அவருகிட்ட எதுக்குங்க இதெல்லாம் சொன்னீங்க?" என்றாள்.

மறுநாள் மாலை தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அருகே இருந்த பழைய துணிக்கிடங்கைக் காலி செய்தார்கள். எட்டு இரும்பு பெஞ்சுகள் போட்டார்கள். ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். கட்டில் எதுவும் போடவில்லை. கட்டில் போட்டால் அது வார்டு ஆகிவிடுமாம். சுவருக்கு இளம்பச்சை அடித்து, வாசலில் 'வீடு திரும்புவோர் கூடம்' என்று பலகை மாட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

நான்காம் நாள் காலை அவள் சொன்னாள்: "வலது கெண்டைக்கால் கனமா இருக்குங்க. கால்ல யாரோ மணல் மூட்டையக் கட்டின மாதிரி."

சிஸ்டர் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "டாக்டர் பதினொன்றரைக்கு வருவாரு. மொத ஆளா இவங்களத்தான் பாக்கச் சொல்றேன்."

பத்து நாற்பத்தைந்துக்கு எங்கள் வில்லை பச்சையாக மாறியது. மஞ்சளாகவே இருந்ததில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தார். மேலே 'விருப்பக் கட்டில் ஒப்படைப்பு' என்று இருந்தது.

"சார், பதினோரு மணிக்குள்ள ஆறு கட்டில். இன்னிக்கி மேலிடத்துலேர்ந்து கணக்குக் கேப்பாங்க. அஞ்சு ஆயிடுச்சு."

"ஒரு வாரம் இருக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரே சார். இன்னிக்கி கால் வேற வலிக்குதுங்கறா. டாக்டர் வந்து பாத்துடட்டுமே."

"டாக்டர் பதினொன்றரைக்கு வருவாரு. கட்டில் பதினோரு மணிக்குப் போயாகணும். நடுவுல அரை மணி நேரம் நீங்க கீழ கூடத்துல உக்காருங்க. அங்கயே வந்து பாப்பாரு. என்ன சார், இது உங்க மேசை. நீங்களே அடைச்சுக்கிட்டு நிக்கலாமா?"

நான் கையெழுத்துப் போட்டேன்.

அதை வேறு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். அவர் வற்புறுத்தினார் என்று. அவர் வற்புறுத்தவில்லை. எனக்கு அந்த மேசை பிடித்திருந்தது.

படிவத்தின் பின்பக்கம் 'நோயாளியின் கருத்து' என்று மூன்று வரி ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அவள் வாங்கிப் படித்தாள். "நான் எப்ப இப்படியெல்லாம் பேசினேன்? நல்லாத்தான் பேசியிருக்கேன்," என்றாள். என் கையெழுத்துக்குக் கீழே அவளும் போட்டாள். அப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு. சிஸ்டர் கணினியில் தட்டினார். அவள் பெயருக்கு எதிரே 'வீட்டில் நலம்' என்று வந்தது.

கீழே போக மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, என் கையைப் பிடித்து இறங்கினாள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் கட்டில் எண் கேட்டார்கள்.

பதினொன்றரைக்கு மருத்துவர் வார்டுக்கு வந்தார். பலகையில் இருந்தவர்களைப் பார்த்தார். போனார்.

பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தோம். சரி, இங்கே யாரும் வரப்போவதில்லை, மருந்தை வாங்கிக்கொண்டு வேறு எங்காவது போய்விடலாம் என்று எழுந்தேன். மருந்தகச் சன்னலில் கட்டில் எண் கேட்டார்கள். பத்தொன்பது என்றேன்.

"பத்தொன்பதுல இப்ப வேற ஒருத்தங்க இருக்காங்க சார். இந்த மாத்திரைய அவங்களுக்குத்தான் தர முடியும்."

"அவங்களுக்கு இந்த வியாதி இல்லையே."

"அத டாக்டர்தான் சொல்லணும்."

மருந்து வேண்டாம், போய்விடலாம் என்று வாசலுக்குப் போனேன். காவலாளி வெளியேறும் சீட்டுக் கேட்டார். சீட்டில் மருந்தகத்தின் முத்திரை இருக்க வேண்டும், வார்டு சிஸ்டரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். நோயாளி சீட்டு இல்லாமல் போகக் கூடாது. போன மாதம் யாரோ ஒருவர் ஊசி குத்திய கையோடு நடந்து போய்விட்டாராம்.

மூன்று மாடி ஏறி சிஸ்டரிடம் போனேன். அவர் கணினியைத் திருப்பி எனக்கே காட்டினார். "போட மாட்டேன்னா சொல்றேன்? பாருங்க. பேர் அடிச்சா 'வீட்டில் நலம்'னு வருது. வீட்ல இருக்கறவங்களுக்கு வெளிய போகச் சீட்டு எப்படித் தர முடியும்னு கேக்குது."

"யார் கேக்கறாங்க?"

"இதுதான்," என்று கணினியைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இருங்க. ட்யூட்டி டாக்டர் சின்னப் பையன்தான், நல்லவரு. நான் அனுப்பி வைக்கறேன்."

ஒன்றரை மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. இருபத்து நான்கு பேருக்கான இடத்தில் நாற்பது பேர். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டவர்கள். யாரும் இன்னும் போகவில்லை. தூணருகே இடது கண்ணில் கட்டுப் போட்ட ஒரு அம்மா, ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். நகர்வுத் துறையிலிருந்து ஒருவர் வந்து எல்லோர் கையிலும் ஒரு அட்டை கொடுத்தார். 'வீட்டில் உங்கள் முதல் நாள் எப்படி இருக்கிறது?' ஐந்து முகங்கள் வரைந்திருந்தன, அழுவதிலிருந்து சிரிப்பது வரை. ஒன்றைச் சுழிக்க வேண்டும்.

அவள் பேனா வாங்கி ஆறாவதாக ஒரு முகம் வரைந்தாள். அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போட்டாள். அதுவரை நன்றாகத்தான் இருந்தாள். அதாவது, எனக்குத் தெரிந்து.

இரண்டரைக்கு இளம் மருத்துவர் வந்தார். சவரம் செய்யாத முகம். தரையில் மண்டியிட்டு அவள் காலை அமுக்கிப் பார்த்தார். இரண்டு காலையும் ஒப்பிட்டார். என்னைத் தனியே அழைத்தார்.

"கால்ல ரத்தம் கட்டியிருக்கலாம். அது நகந்து நெஞ்சுக்குப் போயிட்டா ஆபத்து. இப்பவே ஸ்கேன் பண்ணணும், ஊசி போடணும். இவங்கள யாரு கட்டில்லேர்ந்து எறக்கினது?"

"நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

கைக்கணினியில் ஸ்கேனுக்கு எழுதினார். அது ஏற்கவில்லை. மறுபடி எழுதினார். பிறகு எழுந்து, "வாங்க," என்று என்னை நகர்வுத் துறை அறைக்கு அழைத்துப் போனார்.

ஸ்டேஷன் மாஸ்டர் எங்களை உட்காரச் சொன்னார். மருத்துவர் உட்காரவில்லை.

"சார், பத்தொன்பதாம் கட்டில் பேஷன்ட்ட உடனே திருப்பிச் சேக்கணும்."

"டாக்டர், முப்பது நாளுக்குள்ள திரும்பி வந்தா அது மறுவரவு. இந்த மாசம் நமக்கு மறுவரவு பூஜ்யம். மூணு வருஷத்துல மொத தடவ."

"அவங்க உயிர் போயிடும் சார்."

"அப்படிச் சொல்லாதீங்க. அவங்க வீட்ல நலமா இருக்காங்க." கணினியைக் காட்டினார். அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "நான் வழி சொல்றேன். அவங்க வெளிய போய், முன்வாசல் வழியா புது நோயாளியா வரட்டும். வேற வியாதி எழுதிக்கலாம். கால்தானே, வயிறு இல்லையே. நாலே நிமிஷத்துல கட்டில் கெடைக்கும். சார் பாத்திருக்காரு."

"வெளிய போகச் சீட்டு வேணும்ங்கறாங்க," என்றேன்.

"ஆமா, சீட்டு வேணும்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "அந்த எடத்துல ஒரு தேக்கம் இருக்கு. நல்ல வேளை சொன்னீங்க. அடுத்த கூட்டத்துல வெக்கறேன்." குறித்துக்கொண்டார். அதே நோட்டு. பழைய பக்கத்தில் நான் வரைந்து காட்டிய வட்ட மேசை தெரிந்தது.

இளம் மருத்துவர் ஊசி மருந்தை எங்கிருந்தாவது வாங்கி வருகிறேன் என்று மாடிக்கு ஓடினார். நான் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணே, அவளுக்குக் கால்ல ரத்தம் கட்டியிருக்கு. வெளிய கூட்டிட்டுப் போய் வேற ஆஸ்பத்திரில சேத்துடறேன். சீட்டு கெடைக்காது. கேட்டுப் பாத்துட்டேன்."

காவலாளி என்னைப் பார்த்தார். மேலே இருந்த கேமராவைப் பார்த்தார். கோட்டுக்கு அப்பால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"தம்பி, எனக்குத் தாகமா இருக்கு. நாலு மணிக்குத் தண்ணி குடிக்கப் போவேன். அஞ்சு நிமிஷம் ஆகும். வாசல் ஓரமா ஆட்டோ நிக்கும், என் மச்சான்தான். நான் எதையும் பாக்கல."

மணி மூன்று ஐம்பது. கூடத்துக்கு ஓடினேன். அவள் பெஞ்சின் ஒரு முனையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மறுமுனையில் எங்கள் பைகள். உதடு வெளுத்திருந்தது.

"எந்திரி. வழி கெடைச்சிடுச்சு."

கையைக் காட்டி இருங்க என்றாள். மூச்சு வாங்கியது. சரி, ஒரு நிமிடம் ஓய்வெடுக்கட்டும், பத்து நிமிடம் இருக்கிறதே என்று பைகளைக் கீழே வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். ஓடி வந்ததில் கால்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். சொன்னபடி செய்தேன். கண்ணில் கட்டுப் போட்ட அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். "புண்ணியமாப் போகும்மா," என்றார்.

அவள் தலை அந்த அம்மாவின் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று அந்த அம்மா அசையாமல் இருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்கு மணி ஆனதும் எழுப்பினேன்.

இளம் மருத்துவர் ஊசியோடு வந்தார். தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார். வெகு நேரம் அமுக்கினார். சிஸ்டர் வந்து அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்து என் பக்கத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "சார், சிஸ்டம்படி அவங்க பத்து அம்பத்திரண்டுக்கே போயிட்டாங்க. வீட்ல நடந்ததாவே எழுதிடலாம். உங்களுக்கும் அலைச்சல் கொறையும்."

பின்வாசல் வழியாக அவளை எடுத்துப் போனோம். பின்வாசலுக்குச் சீட்டு தேவையில்லை.

விழாவுக்கு ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டேன். வாசலில் அதே காவலாளி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோட்டைத் தாண்டும்போது என் முழங்கையைச் சற்றுப் பிடித்துப் பிறகு விட்டார்.

கூடத்தில் இன்று நோயாளிகள் இல்லை. விழாவுக்காக அவர்களைப் படிக்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பெஞ்சுகளில் மேலிடத்திலிருந்து வந்தவர்கள். சுவரில் ஒரு பெரிய பதாகை. அதில் என் மனைவியின் கையெழுத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் உயரத்துக்கு. அவள் கையெழுத்துக் கடைசியில் ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோடு மட்டும் இரண்டடி இருந்தது.

கேடயம் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார்.

"முன்னாடி ஒரு நோயாளி சராசரியா ஆறு நாள் இருந்தாரு. இப்ப மூணு நாள். குணமாக எவ்ளோ நாள் ஆகுதுன்னு கேக்கறாங்க. அது அவங்கவங்க வீட்டு விஷயம், அதுல நாம தலையிடறதில்ல. இந்தக் கூடத்துல இது வரைக்கும் ஒரு மரணம் கூடப் பதிவாகல. ஏன்னா இங்க நோயாளிகளே கெடையாது. அடுத்த கட்டமா ஒரு திட்டம் வெச்சிருக்கேன். கட்டில்ல சேக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பற தேதியக் குடுத்துடறது. அதுக்கு அடுத்த கட்டம், தேதிய மட்டும் குடுக்கறது."

கைதட்டினார்கள்.

"இதுக்கெல்லாம் விதை போட்டவர் இங்க இருக்காரு. ஒரு பாட்டில் ஆலையில வேலை பாக்கறவரு. சொந்த இழப்பைக் கூடப் பெருசா எடுத்துக்காம வந்திருக்காரு." என்னிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "சார், உங்க சான்றிதழ் விஷயத்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசலாம். இப்ப பதாகையில இருக்கறத மட்டும் வாசிச்சிடுங்க. அவங்க கடைசியா சொன்னது. நீங்க வாசிச்சா உருக்கமா இருக்கும்."

ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன். பதாகையைப் பார்த்து வாசித்தேன்.

"'எனக்குக் காத்திருப்பே இல்லை. இவ்வளவு சீக்கிரம் போவேன் என்று நினைக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.'"

மறுபடியும் கைதட்டினார்கள். முடியும் வரை நின்றேன்.

"இது அவ சொன்னது இல்ல. ஃபார்ம்லயே அச்சடிச்சிருந்தது. கையெழுத்து மட்டும் எங்களோடது. அவ பத்து அம்பத்திரண்டுக்குப் போகல. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருந்தா. வீட்ல இல்ல. அதோ, தூணுக்குப் பக்கத்துல ரெண்டாவது பெஞ்சு."

அந்தப் பெஞ்சில் இரண்டு பெரிய மனிதர்கள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் இடம் காலி. ஒருவர் காலை இறக்கினார். மற்றவர் பாதி எழுந்து, எழலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். படிக்கட்டில் இருந்தவர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வார்டு சிஸ்டர் நின்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவைத் திறந்து, நோட்டைப் புரட்டி வெறும் பக்கத்தை எடுத்தார். பதாகையைத் திருத்திவிடலாம் என்று நினைத்திருப்பார். "அப்ப அவங்க என்னதான் சார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்தம்மா ரொம்ப நேரமா நிக்கறாங்க."